சிகரெட், வேப், கஞ்சா: மூணுக்கும் ஒரே நோட்டா, தனித்தனி நோட்டா?

வியாசை_கேரம் (வியாழன், இரவு 9.12)

வியாசர்பாடியில ஒரு கேரம் கிளப்பும் ஃபுட்பால் டீமும் சேர்ந்து புகைப் பழக்கத்தை விடறதுக்கு முகாம் நடத்தப் போறாங்க. வர்றவங்க முதல்ல நிரப்ப வேண்டிய படிவத்தைத் திருத்தற வேலை என் தலையில விழுந்திருக்கு. பழசுல ரெண்டே கேள்வி: "புகைப்பவரா? ஆம் / இல்லை", "போதைப்பொருள் உண்டா? ஆம் / இல்லை".

இது வேலைக்கு ஆகாது. டீக்கடையில லூஸ்ல ஒரு சிகரெட் வாங்கி, அந்தப் புகையிலையோட கஞ்சா கலந்து அடிக்கிற பையன் முதல் கேள்விக்கு "இல்லை"ன்னுதான் டிக் போடுவான். அவன் கணக்குல அது சிகரெட்டே இல்ல. வேப் (இ-சிகரெட்) வச்சிருக்கறவன் ரெண்டுக்குமே "இல்லை" போடுவான், அது வெறும் ஆவின்னு அவனுக்கு யாரோ சொல்லியிருக்காங்க.

மூணையும் தனித்தனியா கேக்கணுமா, ஒண்ணா கேக்கணுமா? எதை அளக்கணும், எதை வச்சு அளக்கணும்? "போதையை ஒழிப்போம்" வசனம் வேணாம், அது இங்க சுவர் சுவரா இருக்கு. வேலை தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஆலோசனை_மேசை (வியாழன், இரவு 10.05)

பக்கம் ஒண்ணா இருக்கட்டும், கேள்வி தனித்தனியா இருக்கட்டும். பக்கம் ஏன் ஒண்ணுன்னா, நிகோடின் எந்த வழியா உள்ளே போனாலும் மூளைக்கு அது ஒரே சரக்குதான். கலந்து அடிக்கிற இடத்துல நிகோடினும் டிஎச்சியும் (கஞ்சாவுல போதை தர்ற பொருள்) ஒரே இழுப்புல போகுது. அதனால கஞ்சாவை மட்டும் நிறுத்தறவனுக்கு நிகோடினும் சேர்ந்து குறையுது. வர்ற எரிச்சலைக் கஞ்சா இல்லாததால வந்ததுன்னு நினைச்சுக்கறான். சிகரெட்டை மட்டும் நிறுத்தறவன் கதை இதைவிட மோசம்: ராத்திரி மொட்டை மாடியில அடிக்கிற ஒரு கலவையில இருக்கற புகையிலையே மறுநாள் காலையில சிகரெட்டைத் தேட வைக்கும். "மனஉறுதி இல்ல"ன்னு அவனைத் திட்டுவாங்க. அவன் நிகோடினை ஒரு நாள்கூட விட்டதே கிடையாது, பிரச்சனை கணக்குல.

கேள்வி இப்படி வரணும்:

"நேத்து எத்தனை சிகரெட், எத்தனை பீடி?" அதுக்கு அடுத்த வரியே "கலக்கறதுக்காக எத்தனை சிகரெட் / பீடி எடுத்தீங்க?" ரெண்டையும் கூட்டினாதான் புகையிலைக் கணக்கு. கலவையில எவ்வளவு கிராம்னு கேக்காதீங்க, யாருக்கும் தெரியாது. எடுத்த சிகரெட் எண்ணிக்கை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், ஏன்னா அதுக்குக் காசு குடுத்திருக்காங்க.

"காலையில எழுந்து எத்தனை நிமிஷத்துல முதல் தம்?" படிவத்துல ஒரே ஒரு கேள்விக்குத்தான் இடம் இருக்குன்னா இதை வைங்க. நிகோடினுக்கு எவ்வளவு அடிமைன்னு அளக்கற ஃபேகர்ஸ்ட்ராம் அளவுகோல்ல ஆறு கேள்வி, மொத்தம் 10 மதிப்பெண். இந்த ஒரு கேள்விக்கே 3 வரைக்கும்: 5 நிமிஷத்துக்குள்ளன்னா 3, 6 முதல் 30 நிமிஷம்னா 2, 31 முதல் 60ன்னா 1, அதுக்கு மேலன்னா பூஜ்யம். முதல் தம் எந்த வடிவத்துலன்னும் சேர்த்துக் கேளுங்க: சிகரெட்டா, வேப்பா, கலவையா, மாவாவா (கன்னத்துல அடக்கற புகையிலைப் பாக்கு). எழுந்த உடனே கலவைன்னு வந்தா அந்த ஆளைத் தனியா உக்கார வச்சுப் பேசணும்.

பெரம்பூர்_லோகோ (வியாழன், இரவு 10.31)

மாவாவைச் சொன்னது சரி. வட சென்னையில மாவா, ஹான்ஸ், கூல் லிப் இல்லாம புகையிலைக் கணக்கு போடறவன் பாதிக் கணக்குதான் போடறான். கன்னத்துல அடக்கறதுல புகையே கிடையாது, அதனால "புகைப்பவரா"ங்கற கேள்வியில அது சிக்கவே சிக்காது. "வாயில எதாவது வைப்பீங்களா"ன்னு நேரா கேளுங்க.

ராயபுரம்_லேப் (வெள்ளி, காலை 7.20)

எதை வச்சு அளக்கறதுன்னு கேட்டிருக்கீங்க. மூணு கருவி இருக்கு, மூணும் மூணு விதமா ஏமாத்தும்.

முதல்ல மூச்சுல கார்பன் மோனாக்சைடு பாக்கற மீட்டர். 15 நொடி மூச்சை அடக்கி, மெதுவா முழுசா ஊதணும். முன்னாடி 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல எத்தனை பங்குங்கற அளவு) மேல போனா புகைப்பவர்னு எடுத்துக்கிட்டாங்க, இப்போ பல இடத்துல 6ஐ எல்லையா வைக்கறாங்க. இதுல ரெண்டு குழி. எரியற எதுவும் கார்பன் மோனாக்சைடைக் குடுக்கும், அதனால கஞ்சா மட்டும் அடிக்கிறவனுக்கும் எண் ஏறும். வேப்ல எரிதல் இல்ல, ஆவிதான். நாள் பூரா வேப் இழுக்கறவன் ஊதினா 2, 3தான் காட்டும். அவனைப் பாத்து "சுத்தமா விட்டுட்டான்"னு கை தட்டிடாதீங்க.

நேரமும் முக்கியம். விழிச்சிருக்கற ஆளுக்கு நாலஞ்சு மணி நேரத்துல கார்பன் மோனாக்சைடு பாதியா இறங்கிடும். காலையில எதுவும் பிடிக்காம வந்தவனையும் சாயங்காலம் வந்தவனையும் ஒப்பிடக் கூடாது, வாராவாரம் ஒரே நேரத்துல எடுங்க. லாரி நிக்கற ரோட்டோரம், விறகடுப்பு எரியற பிரியாணிக் கடைப் பக்கம் மேசை போட்டா மீட்டர் பூஜ்யத்துலயே நிக்காது. நல்ல காத்துல பூஜ்யம் காட்டுதான்னு பாத்துட்டு ஆரம்பிங்க. பால் ஒத்துக்காதவங்க குடல்ல உண்டாகிற ஹைட்ரஜன்கூட சில சென்சாரை ஏமாத்தும்.

ரெண்டாவது கோட்டினின் ஸ்ட்ரிப். நிகோடினோட ஆயுள் குறைச்சல், ரெண்டு மணி நேரத்துல பாதி போயிடும். உடம்புக்குள்ள அது மாறி வர்ற கோட்டினின் பாதியாகவே பதினாறு மணி நேரம் கிட்ட ஆகும், அதனால மூணு நாலு நாள் சிறுநீர்ல தெரியும். சிகரெட், வேப், மாவா, கலவை எல்லாமே இதுல பிடிபடும். ஆனா நிகோடின் சூயிங்கம் மெல்றவனும் பிடிபடுவான். சிகிச்சையில இருக்கறவனைத் திருடனாக்கற சோதனை இது.

மூணாவது டிஎச்சி ஸ்ட்ரிப். வழக்கமான எல்லை சிறுநீர்ல மில்லிக்கு 50 நானோகிராம். எப்பவாவது ஒரு தடவைன்னா சுமார் மூணு நாள் காட்டும், தினமும் அடிக்கறவனுக்கு நிறுத்தி ஒரு மாசம் வரைக்கும்கூட காட்டலாம். டிஎச்சி கொழுப்புல போய் ஒட்டிக்கிட்டு மெதுவா கசியறதுதான் காரணம். மூணு வாரமா சுத்தமா இருக்கற பையனுக்குப் பாசிட்டிவ் வந்தா நீங்க அவனை நம்ப மாட்டீங்க, அவன் உங்களை நம்ப மாட்டான்.

என் கருத்து: கிளப் முகாம்ல சிறுநீர்ச் சோதனையே வேணாம். மீட்டர் மட்டும் போதும், அதையும் பரிசோதனையா வைக்காம அவங்க எண்ணை அவங்களே பாக்கற விளையாட்டா வைங்க.

கொருக்குப்பேட்டை_கோடு (வெள்ளி, காலை 8.02)

எல்லாம் சரி தலைவரே, அடிப்படையிலேயே ஒரு சந்தேகம். சிகரெட்டுல ஆரம்பிச்சு கஞ்சாவுக்குப் போறான்னு எல்லாரும் சொல்றாங்க. அப்ப சிகரெட்டைத் தடுத்தா கஞ்சா தானா நிக்கணுமே? படிவம் அந்தக் கோட்பாட்டு மேல நிக்குதா?

ஆலோசனை_மேசை (வெள்ளி, காலை 9.40)

நிக்கக் கூடாது. அந்த "வாசல்" கோட்பாடு 1975இல் டெனிஸ் காண்டெல் சயன்ஸ் இதழ்ல எழுதினதுலேர்ந்து ஓடுது. அவர் அமெரிக்கப் பிள்ளைங்ககிட்ட பாத்தது ஒரு வரிசை: பீர், ஒயின், அப்புறம் சிகரெட்டும் கடும் மதுவும், அப்புறம் கஞ்சா, அதுக்கப்புறம் மத்த போதை. வரிசை இருக்கறது உண்மை. ஆனா முன்னாடி வந்ததாலயே அது காரணம் ஆகிடாது. பெரம்பூர் வழியாத்தான் வில்லிவாக்கத்துக்கு ரயில் போகுது, அதுக்காகப் பெரம்பூர்தான் ஆளை வில்லிவாக்கத்துக்கு இழுத்துட்டுப் போகுதுன்னு சொல்வீங்களா?

2011இல் எலி வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு. நிகோடின் முதல்ல குடுத்து அப்புறம் கொக்கெய்ன் குடுத்தா மூளை அதிகமா பதில் சொல்லுது, வரிசையை மாத்திக் குடுத்தா அப்படி நடக்கல. நல்ல ஆய்வுதான், ஆனா அது கொக்கெய்ன். கஞ்சாவுக்கு அதை அப்படியே தூக்கி ஒட்டக் கூடாது.

எதிர்ப்பக்கமும் பாருங்க. ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலப் பள்ளிப் பிள்ளைங்களை வளர்ந்து வேலைக்குப் போற வயசு வரைக்கும் தொடர்ந்து பாத்து 2005இல் வெளியிட்டாங்க. சிகரெட் பழக்கம் இல்லாம கஞ்சா மட்டும் அடிச்ச பிள்ளைங்க பின்னாடி புகையிலைக்கு அடிமையாறது அதிகமா இருந்துச்சு. வாசல் ரெண்டு பக்கமும் திறக்குது. கஞ்சாவோட புகையிலை கலக்கற ஊர்ல இதுக்குப் பெரிய விளக்கமே தேவையில்ல.

பெரம்பூர்_லோகோ (வெள்ளி, காலை 10.15)

வில்லிவாக்கம் உதாரணத்துக்கு ஒரு சலாம். ஆனா வேப் விஷயத்துல எண்ணிக்கை ஒரே திசையிலதானே காட்டுது?

ஆலோசனை_மேசை (வெள்ளி, பகல் 12.50)

காட்டுது. 2017இல் வந்த ஒரு தொகுப்பாய்வுல, வேப் பிடிச்சுப் பாத்த அமெரிக்க இளைஞர்கள்ல 30.4 சதவீதம் பேர் பின்னாடி சிகரெட்டைத் தொட்டாங்க, வேப்பைத் தொடாதவங்கள்ல 7.9. 2019இல் வேப்பையும் கஞ்சாவையும் சேர்த்துப் பாத்த 21 ஆய்வுத் தொகுப்புல, வேப் பிடிக்கற பிள்ளைங்க கஞ்சா எடுக்கற வாய்ப்பு விகிதம் சுமார் மூன்றரை மடங்கு. இதுல ஒரு பங்கு "எதையும் ஒரு கை பாத்துடற" சுபாவம்: வீட்டுச் சூழல், கூட்டாளிங்க, மனஅழுத்தம் எல்லாமே மூணுக்கும் பொது. இன்னொரு பங்கு கருவி. கையில ஊதற பழக்கம் வந்தாச்சு, அதே கருவியில எண்ணெயை மாத்தினா போதும்.

படிவத்துக்கு உதவுற ஆய்வு வேற. அமெரிக்கப் பெரியவங்களை 2001-02லயும் 2004-05லயும் ரெண்டு தடவை கேட்ட கணக்கெடுப்பு. கஞ்சா எடுத்த தினசரிப் புகைப்பவங்க சிகரெட்டை விடறது குறைவா இருந்துச்சு, ஏற்கெனவே விட்டவங்க திரும்பப் பிடிக்கறது அதிகமா இருந்துச்சு. எது முதல்ல வந்துச்சுங்கற சண்டையை ஓரம் வைங்க. விடும்போது ஒண்ணு இன்னொண்ணைப் பிடிச்சு இழுக்குது, முகாமுக்கு வேண்டியது அது மட்டும்தான்.

சர்வீஸ்_பெஞ்சு (வெள்ளி, மாலை 6.30)

வேப் பக்கம் நான் எழுதறேன், இதுல வதந்திதான் அதிகம்.

உள்ள இருக்கறது நாலே விஷயம்: லித்தியம் செல், சூடாற கம்பிச் சுருள், அதைச் சுத்தின பஞ்சு, திரவம். திரவத்துல புரொப்பிலீன் கிளைக்காலும் வெஜிடபிள் கிளிசரினும் அடிப்படை, மேல வாசனை, நிகோடின். பழைய வேப்ல சாதா நிகோடின், அளவு ஏத்தினா தொண்டை எரியும், அந்த எரிச்சலே ஒரு பிரேக். இப்போ வர்ற டிஸ்போசபிள்ல (தீர்ந்ததும் தூக்கிப் போடற வேப்) நிகோடின் உப்பு, பென்சோயிக் அமிலம் சேர்த்தது. அமிலத்தன்மை கூடினதால தொண்டைக்கு மெத்துன்னு இருக்கும், பிரேக் பிடுங்கின வண்டி மாதிரி. "5%"னு போட்டா ஒரு மில்லிக்கு ஏறக்குறைய 50 மி.கி. ஐரோப்பிய ஒன்றியத்துல 20 மி.கிக்கு மேல விக்கவே கூடாது.

ஒப்பிடறதுக்கு: ஒரு சிகரெட்டுக்குள்ள 10 முதல் 12 மி.கி நிகோடின் இருக்கும், உடம்புல சேர்றது 1, ஒண்ணரை மி.கிதான். வேப்லயும் டப்பாவுல இருக்கறது அத்தனையும் ரத்தத்துக்குப் போகாது. அதனால "ஒரு பாட் (வேப் திரவக் குப்பி) = இத்தனை பாக்கெட் சிகரெட்"னு வாட்ஸாப்ல சுத்தற கணக்கைப் படிவத்துல போடாதீங்க. "ஒரு கருவி எத்தனை நாள் வருது?", "ராத்திரி தூக்கத்துல எழுந்து இழுப்பீங்களா?" இந்த ரெண்டும் போதும். சிகரெட் அணைஞ்சா ஒரு கணக்கு முடியும். வேப்புக்கு முடிவுன்னு ஒண்ணு கிடையாது, பைக்குள்ளயே கிடக்கும், அதனால "ஒரு நாளைக்கு எத்தனை"ங்கற கேள்வி அதுக்குப் பொருந்தாது.

கெட்டுப் போற விதம்: திரவம் தீர்ந்த பிறகும் இழுத்தா பஞ்சு காய்ஞ்சு கருகும். அந்தக் கருகல் வாடை வர்றப்ப ஃபார்மால்டிஹைடு மாதிரி நச்சுச் சங்கதி எகிறும். மூடியைக் கழட்டி வேற எண்ணெய் ஊத்தறது அடுத்த ஆபத்து. 2019இல் அமெரிக்காவுல நுரையீரல் வெந்து போன மாதிரி ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க, 2020 பிப்ரவரி வரைக்கும் 2,807 பேர், இறந்தவங்க 68. பெரும்பாலானவங்க டிஎச்சி எண்ணெய் இழுத்தவங்க. நுரையீரல் நீரைச் சோதிச்ச 51 பேர்ல 48 பேருக்கு வைட்டமின் ஈ அசிட்டேட் இருந்துச்சு. எண்ணெயைக் கெட்டியா காட்ட யாரோ கலந்த சரக்கு அது. சாப்பிட்டா ஒண்ணும் பண்ணாது, சூடாக்கி மூச்சுல இழுத்தா கதையே வேற.

இன்னொண்ணு: தீர்ந்த டிஸ்போசபிளைக் குப்பையில போடாதீங்க. கொடுங்கையூர் குப்பைமேட்டுக்கு ஏற்கெனவே தீப்பிடிக்கக் காரணம் குறைவில்ல.

மணலி_மாத்திரை (வெள்ளி, இரவு 8.45)

மருந்து பக்கம் வர்றேன். முகாம்ல நிகோடின் சூயிங்கம் குடுப்பீங்கன்னா முதல்ல அதை மெல்ற விதத்தைச் சொல்லிக் குடுங்க. நிறைய பேர் பபிள்கம் மாதிரி மென்னு, எச்சிலோட நிகோடினை முழுங்கி, விக்கலும் வயித்தெரிச்சலும் வந்து ரெண்டாம் நாளே தூக்கிப் போட்டுடுவாங்க. முழுங்கின நிகோடினை ஈரலே பெரும்பாலும் அழிச்சுடும், பலன் கிடையாது.

சரியான முறை: மெதுவா மெல்லணும், மிளகு மாதிரி சுருக்குன்னு வந்ததும் நிறுத்தி கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வைக்கணும். சுருக்கு அடங்கினதும் திரும்ப மெல்லணும், அடுத்த கன்னத்துக்கு மாத்தணும். இப்படியே அரை மணி நேரம். மாவா அடக்கற பசங்களுக்கு இது ரெண்டு நிமிஷத்துல புரிஞ்சிடும், அந்த ஒரு விஷயத்துல அவங்க நமக்கு முன்னாடி. மெல்றதுக்குக் கால் மணி நேரம் முன்னாடியும் மெல்லும்போதும் காபி, குளிர்பானம், எலுமிச்சை ஜூஸ் கூடாது. வாய் புளிச்சிருந்தா நிகோடின் உறிஞ்சாது.

அளவு: எழுந்து அரை மணிக்குள்ள முதல் தம்னா 4 மி.கி, இல்லன்னா 2 மி.கி. 4 மி.கிக்கு டாக்டர் சீட்டு வேணும். முதல் ஆறு வாரம் ஒண்ணு ரெண்டு மணிக்கு ஒண்ணு, அடுத்த மூணு வாரம் ரெண்டு நாலு மணிக்கு ஒண்ணு, கடைசி மூணு வாரம் நாலு எட்டு மணிக்கு ஒண்ணு. 2 மி.கி கம் ஒண்ணுலேர்ந்து உடம்புக்குக் கிடைக்கறது ஏறக்குறைய பாதிதான். நாளைக்கு இருபது பிடிக்கறவனுக்கு அஞ்சு கம் குடுத்துட்டு "வேலை செய்யல"ன்னு சொல்றதுல நியாயமே இல்ல.

இங்கதான் ஆலோசனை_மேசை சொன்ன கணக்கு உயிர். படிவத்துல "நாளைக்கு 6 சிகரெட்"னு எழுதினவன் கலவைக்கு இன்னும் 6 எடுக்கறான்னா அவன் 12 சிகரெட் ஆள். தோல்ல ஒட்டற நிகோடின் பேட்ச்ல, நாளைக்கு 10 சிகரெட்டுக்கு மேலன்னா 21 மி.கில ஆரம்பிச்சு ஆறு வாரம், அப்புறம் 14 ரெண்டு வாரம், 7 ரெண்டு வாரம். 6னு நம்பி 14ல ஆரம்பிச்சா மூணாம் நாளே திரும்பிடுவான். பேட்ச் ஒட்டி, ஆசை எழும்பும்போது கம்மும் மெல்றது தனித்தனியா எடுக்கறதை விட நல்லா வேலை செய்யும்.

நம்ம ஊர் வேர்வைக்குப் பேட்ச் நிக்காதுன்னு புகார் வரும். முடி இல்லாத மேல்கை இல்ல தோள்பட்டை, சோப்பும் எண்ணெயும் இல்லாம தொடச்சு, நல்லா காஞ்ச பிறகு ஒட்டி, உள்ளங்கையால அழுத்திப் பிடிக்கணும். தினமும் இடம் மாத்தணும்.

அடுத்தது டீ. இதை யாருமே சொல்றதில்ல. புகையில இருக்கற தார் ஈரல்ல சிஒய்பி1ஏ2ங்கற நொதியைத் தூண்டி விடுது, அது காஃபீனை வேகமா கழிக்கும். புகை நின்னதும் சில நாள்ல நொதி தணிஞ்சுடும், அதே ஆறு டீயில ரத்தத்துல காஃபீன் ரெட்டிப்பாகலாம். படபடப்பு, தூக்கமின்மை, கை நடுக்கம். எல்லாத்தையும் நிகோடின் ஏக்கம்னு நினைச்சு திரும்ப பத்த வைப்பான். விடற நாள்லேர்ந்து டீயைப் பாதியாக்கச் சொல்லுங்க. டீ இல்லன்னா டீக்கடையும் இல்ல, கூட நிக்கற தம்மும் இல்ல, அது உபரி லாபம்.

ராயபுரம்_லேப் (வெள்ளி, இரவு 9.30)

@மணலி_மாத்திரை நொதி விஷயத்துல ஒரு முக்கியச் சேர்ப்பு. குளோசபின், ஓலன்சபின் மாதிரி மனநல மருந்து சாப்பிடறவங்க சிகரெட்டை நிறுத்தினா மருந்தோட அளவு ரத்தத்துல ஏறும். தூண்டறது நிகோடின் இல்ல, புகை. அதனால சிகரெட்டிலேர்ந்து வேப்புக்கோ பேட்ச்சுக்கோ மாறினாலும் இதே கதைதான். கஞ்சாப் புகையும் அந்த நொதியைத் தூண்டும், ரெண்டையும் ஒரே நாள்ல விட்டா ஏத்தம் இன்னும் கூடும். "மனநல மருந்து சாப்பிடறீங்களா?"ங்கறது படிவத்துல கட்டாயம். "ஆம்"னா விடற தேதியை அவங்க டாக்டர்கிட்ட முதல்ல சொல்லணும். மாத்திரையைத் தானா குறைக்கவே கூடாது.

காசிமேடு_கரை (சனி, காலை 6.10)

ரெண்டையும் ஒரே நாள்ல விடலாமான்னு இன்னும் யாரும் தொடலயே? இங்க போட்ல போறவங்களுக்கு அதுதான் கேள்வி. கடலுக்குப் போனா பல நாள், கையிருப்பு தீர்ந்தா தானா ரெண்டும் நிக்கும். ரெண்டாம் நாள், மூணாம் நாள்தான் போட்ல சண்டை.

ஆலோசனை_மேசை (சனி, காலை 11.25)

நீங்க சொல்ற நாள் கணக்கு அச்சு அசல். நிகோடின் நின்னா சில மணி நேரத்துல ஏக்கம் ஆரம்பிக்கும், ரெண்டு மூணு நாள்ல உச்சம், ரெண்டுலேர்ந்து நாலு வாரத்துல அடங்கும். தினசரிக் கஞ்சா நின்னா ஒண்ணு ரெண்டு நாள்ல ஆரம்பிச்சு, ரெண்டுலேர்ந்து ஆறு நாளுக்குள்ள உச்சம், ரெண்டு மூணு வாரம் ஓடும். ரெண்டு உச்சியும் ஒண்ணு மேல ஒண்ணு விழுது. எரிச்சல், தூக்கமின்மை, பதட்டம் ரெண்டுக்கும் பொது. வித்தியாசம் பசியில: நிகோடின் நின்னா பசி ஏறும், கஞ்சா நின்னா பசி இறங்கும். கண்டபடி கனவும் ராத்திரி வேர்வையும் கஞ்சா பக்கத்து அடையாளம்.

கனவுல ஒரு சிக்கல். 24 மணி நேரமும் பேட்ச் ஒட்டியிருந்தாலும் கனவு கொடூரமா வரும், சிகரெட்டை விடறதுக்குக் குடுக்கற வரெனிக்லின் மாத்திரையும் அப்படித்தான். அப்ப எது யார் வேலைன்னு தெரியாது. தூங்கப் போகும்போது பேட்ச்சைக் கழட்டிப் பாருங்க. ரெண்டு மூணு ராத்திரி கழிச்சும் கனவு ஓடினா பேட்ச் மேல பழி இல்ல.

ஒரே நாளா, தனித்தனியாங்கறதுக்கு எல்லாருக்கும் பொருந்தற ஒரே பதில் கிடையாது, ஆனா கலக்கறவனுக்கு என் தீர்ப்பு உறுதி: ஒரே நாள், நிகோடின் பேட்ச் மேல. கஞ்சாவுக்கு இதுவரைக்கும் அங்கீகாரம் பெற்ற மருந்து இல்ல, பேச்சுச் சிகிச்சைதான். மருந்து இருக்கற பக்கத்தை மருந்தால அடைச்சுட்டா மிச்சம் ஒரு பக்கம்தான் தாங்கணும். தனித்தனியா அடிக்கறவன், கலக்கவே மாட்டான்னா, அவனே முதல்ல எதை விடணும்னு சொல்றானோ அதுலேர்ந்து தொடங்கட்டும். ஒரே ஒரு நிபந்தனை: ஒண்ணை விடும்போது இன்னொண்ணு ஏறுதான்னு வாராவாரம் எண்ணணும். சிகரெட்டை விட்டு கஞ்சாவை ரெண்டு மடங்காக்கினவனை "வெற்றி"ப் பட்டியல்ல எழுதாதீங்க.

காசிமேட்டுக்கு ஒரு யோசனை. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். முதல் நாளே விட்டா உச்சம் கரையிலயே போயிடும், சண்டை போட்டாலும் யாரும் கடல்ல விழ மாட்டாங்க. ஆனா 12 வாரம்னா 84 நாள், கம் கோர்ஸ் தடைக்காலத்தைத் தாண்டும். முதல் டிரிப்புக்கான பெட்டியில கம் அட்டை போகணும், தண்ணி படாத டப்பாவுல. வேலையில்லாம வலை பின்னி உக்கார்ற நாள்ல தம் ஏறும்ங்கறதையும் கணக்குல வைங்க.

கொருக்குப்பேட்டை_கோடு (சனி, பகல் 1.15)

சிகரெட்டுக்குப் பதில் வேப்புக்கு மாத்தி விட்டா என்ன? வெளிநாட்டுல அப்படிப் பண்றாங்களே.

சர்வீஸ்_பெஞ்சு (சனி, பகல் 2.40)

இங்கிலாந்துல 886 பேர் வச்சு 2019இல் வந்த ஆய்வு: ஒரு வருஷத்துல சிகரெட்டை விட்டவங்க வேப் பக்கம் 18 சதவீதம், கம் பேட்ச் பக்கம் 9.9. மறைக்க வேண்டியதில்ல, வேப் ஜெயிச்சது. ஆனா அதே ஆய்வுல, விட்டவங்கள்ல வேப் பக்கம் 80 சதவீதம் பேர் ஒரு வருஷம் கழிச்சும் வேப் பிடிச்சுட்டே இருந்தாங்க, கம் பேட்ச் பக்கம் 9. அங்க கட்டுப்பாட்டோட விக்கற சரக்கு, கூடவே ஆலோசனை. இங்க 2019 இ-சிகரெட் தடைச் சட்டப்படி உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், சேமிச்சு வைக்கறது எல்லாம் தடை. விற்பனைக்கு முதல் தடவை ஒரு வருஷம் வரைக்கும் சிறை இல்ல ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். அப்ப கையில கிடைக்கறது எதுன்னு யார் சோதிச்சது? "0 நிகோடின்"னு அச்சடிச்ச டப்பாவை நம்பி ஆலோசனை சொல்ல முடியாது. கலக்கற பையன் கையில வேப் குடுத்தா மூணும் சேர்ந்துடும், அதுதான் பெரும்பாலும் நடக்கும்.

பெரம்பூர்_லோகோ (சனி, மாலை 4.00)

"கஞ்சா இயற்கை, சிகரெட்தான் கெமிக்கல்"னு வர்றவனுக்கு ஒரு பதில் கையில இருக்கட்டும். 1988இல் அமெரிக்காவுல ரெண்டையும் ஒரே ஆளுங்களுக்குக் குடுத்து அளந்தாங்க. கஞ்சாவை இழுக்கறவன் ஆழமா இழுத்து, நாலு மடங்கு நேரம் மூச்சைப் பிடிச்சு வைக்கறான். ரத்தத்துல கார்பன் மோனாக்சைடு ஏத்தம் சிகரெட்டை விட கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு, உள்ளே போன தார் மூணு மடங்கு. இலை இயற்கைதான், எரிஞ்ச புகை இயற்கை இல்ல. ஏற்கெனவே மணலி, எண்ணூர் காத்தை இழுக்கற நெஞ்சு இது.

சட்டத்_திண்ணை (சனி, இரவு 7.50)

படிவத்தைப் பத்தி ஒரு எச்சரிக்கை. பேர், போன் நம்பர், "கஞ்சா: ஆம்" இது மூணும் ஒரே தாள்ல இருக்கவே கூடாது. போதைப்பொருள் சட்டத்துல, 1985, பயன்படுத்தறதே குற்றம்: கஞ்சாவுக்கு ஆறு மாசம் வரைக்கும் சிறை இல்ல பத்தாயிரம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். வச்சிருந்தா ஒரு கிலோ வரைக்கும் "சிறிய அளவு", அதுக்கு ஒரு வருஷம் வரைக்கும். "சிறிய அளவு"ன்னா விட்டுடுவாங்கன்னு ஒரு நம்பிக்கை ஓடுது, அது தப்பு.

மனநல மருத்துவச் சட்டம் 2017 தர்ற ரகசியக் காப்பு மருத்துவமனைக்கும் மனநலப் பணியாளருக்கும். கேரம் கிளப்புக்கு அது பொருந்தும்னு நினைச்சுக்காதீங்க. அதனால எண் மட்டும் போடுங்க, பேர் தனி நோட்டுல, அந்த நோட்டு ஒரே ஆள்கிட்ட. படிவத்தை ஃபோட்டோ எடுத்து குரூப்ல போடறவனை முகாம்லேர்ந்து அனுப்பிடுங்க.

போதைப்பொருள் சட்டத்துலயே 64ஏ பிரிவு இருக்கு. பயன்பாடு இல்ல சிறிய அளவு வழக்குல சிக்கின அடிமை, தானா முன்வந்து அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற இடத்துல சிகிச்சை எடுத்தா வழக்கிலேர்ந்து பாதுகாப்பு உண்டு. பாதியில விட்டா அந்தப் பாதுகாப்பைத் திரும்ப எடுத்துக்கலாம். அதனால ஸ்டான்லி மனநலப் பிரிவு, கீழ்ப்பாக்கம் மனநல நிலையம் மாதிரி இடத்துக்கு அனுப்பும்போது சீட்டைப் பத்திரமா வைக்கச் சொல்லுங்க.

18 வயசுக்குக் கீழ வந்தா? பிள்ளைக்குக் கோபப்படாதீங்க, வித்தவனைப் பாருங்க. சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 77: பிள்ளைக்குப் புகையிலையோ போதையோ குடுத்தா ஏழு வருஷம் வரைக்கும் கடுங்காவல்.

வியாசை_கேரம் (ஞாயிறு, காலை 10.30)

எல்லாருக்கும் நன்றி. திருத்தின படிவம் கீழ. எண் மட்டும், பேர் கிடையாது.

1. காலையில எழுந்து எத்தனை நிமிஷத்துல முதல் தம்? எது? (சிகரெட் / பீடி / வேப் / கலவை / வாயில வைக்கறது)
2. ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட், பீடி? கலக்கறதுக்கு எடுத்தது எத்தனை?
3. வேப் கருவி ஒண்ணு எத்தனை நாள் வருது? ராத்திரி எழுந்து இழுப்பீங்களா? வேற எண்ணெய் ஊத்தினது உண்டா?
4. கடந்த 30 நாள்ல எத்தனை நாள் கஞ்சா? புகையிலை கலந்தா, கலக்காமலா?
5. முன்னாடி எதையாவது விட்டுப் பாத்தீங்களா? அப்ப வேற எது ஏறுச்சு?
6. மனநல மருந்து, வலிப்பு மருந்து, டிபி மருந்து?
7. ஒரு நாளைக்கு எத்தனை டீ, காபி?
8. மூச்சு மீட்டர் எண், எடுத்த நேரம், கடைசியா பிடிச்சு எத்தனை மணி நேரம்.

கீழ 1800-112-356, புகையிலை விடறதுக்கு. 14446, போதைக்கு. 14416, மனநலத்துக்கு.

மணலி_மாத்திரை (ஞாயிறு, காலை 11.05)

வலிப்பு கேட்டது நல்லது. வலிப்பு இருக்கறவங்களுக்கு சிகரெட்டை விடறதுக்குக் குடுக்கற புப்ரோபியான் மாத்திரை ஆகாது, வரெனிக்லினுக்கு சிறுநீரகத்தையும் கேக்கணும். 6ல "சிறுநீரகம்" சேர்த்துடுங்க.

ஆலோசனை_மேசை (ஞாயிறு, காலை 11.40)

2ல "ஒரு நாளைக்கு"ன்னு கேட்டா எல்லாரும் ஒரு அழகான எண் சொல்வாங்க, அஞ்சு இல்ல பத்து. "நேத்து எத்தனை"ன்னு மாத்துங்க, ஏழு, பதிமூணுன்னு வரும். முகாம் ஞாயித்துக்கிழமைன்னா நேத்து சனிக்கிழமை, சம்பள நாள், எண் ஏறி நிக்கும். அப்ப "வெள்ளிக்கிழமை எத்தனை"ன்னும் கூட ஒரு கட்டம் போடுங்க.

வியாசை_கேரம் (ஞாயிறு, பகல் 12.10)

ரெண்டு கட்டமும் போட்டாச்சு, சிறுநீரகமும் சேர்த்தாச்சு. நாளைக்கு மூலக்கொத்தளத்துல ஜெராக்ஸ். மீட்டர் ஊதற குழாய் ஆளுக்கு ஒண்ணு தனியா வாங்கணுமா, கழுவிக் கழுவி வைக்கலாமா?

ராயபுரம்_லேப் (ஞாயிறு, பகல் 12.25)

ஆளுக்கு ஒண்ணு, அட்டைக் குழாய், உடனே கிழிச்சுப் போடறது. டிபி இருக்கற ஊர்ல அந்தக் காசை மிச்சம் பிடிக்காதீங்க.